ஆண்டு மாறிய வாசகம்

என் தங்கை எனக்கு நாற்பதாயிரம் கடன்பட்டிருந்தாள். ஷூ தைப்பவர் என் தங்கைக்கு அதே நாற்பதாயிரம் கடன்பட்டிருந்தார். இரண்டும் ஒரே பணம்தான். என் கல்லாவிலிருந்து காலையில் புறப்பட்டது, மதியம் அவள் பையில் இருந்தது, சாயங்காலம் அவர் மனைவியின் இடுப்பெலும்புக்காக மருத்துவமனையில் கட்டப்பட்டுவிட்டது.

தங்கையைப் பற்றி எங்கள் மாதா கோயில் இதழான பங்கு மலருக்கு எழுதித் தரும்படி சாமியார் கேட்டார். நான் மூன்றாம் வகுப்போடு பள்ளியை விட்டவன். ஆனாலும் எழுத ஒப்புக்கொண்டேன். காரணம், அவளைப் பற்றி என்னைவிட நன்றாகச் சொல்ல ஆளில்லை. அவள் எட்டாம் வகுப்புவரை படித்ததே என் தயவு. அப்பா இறந்தபோது என் கையில் ஒரு காற்றடிக்கும் பம்பு மட்டும்தான் இருந்தது. சாலை ஓரத்தில் உட்கார்ந்து சைக்கிளுக்குப் பங்ச்சர் ஒட்டினேன். இன்று இரண்டு டயர்க் கடை, ஒரு கம்ப்ரஸர் அறை, ஏழு வேலையாட்கள். லாரிக்காரர்கள் என் பெயரைச் சொல்லாமல் "பெரியவர் கடை" என்றுதான் சொல்வார்கள். இதையெல்லாம் பெருமைக்காகச் சொல்லவில்லை. உண்மை என்பதால் சொல்கிறேன்.

என் தங்கைக்குப் பேருந்து நிலையத்துச் சுவரை ஒட்டி ஒரு பெட்டிக்கடை. பை தைப்பாள், ஜிப் மாற்றுவாள், குடைக்குக் கம்பி போடுவாள். கணவர் போன பிறகு அவளாகப் பிடித்துக்கொண்ட தொழில். அவள் கடைக்குப் போனால் வாயில் ஊசியோ ரன்னரோ இல்லாமல் அவளைப் பார்க்க முடியாது. ரன்னர் என்றால் ஜிப்பில் மேலும் கீழும் ஓடுகிற அந்தச் சின்ன உலோகம். அதைப் பல்லில் கடித்துக்கொண்டே பேசுவாள், ஒரு வார்த்தை பிசகாது. ஞாயிற்றுக்கிழமை அதே வாயால் கோயிலில் பைபிளிலிருந்து முதல் வாசகம் படிப்பாள். இருபது வருடமாகப் படிக்கிறாள். கடைசி வரிசையில் உட்கார்ந்திருக்கும் காது மந்தமான கிழவருக்கும் கேட்கும். ஒலிபெருக்கி நின்றுபோனாலும் யாருக்கும் தெரியாது.

அவளிடம் ஒரு பிடிவாதம் உண்டு. தான் செய்து பார்க்காத வாசகத்தை மேடையில் படிக்க மாட்டாள். திங்கட்கிழமையே அடுத்த ஞாயிறு வாசகத்தை எடுத்துப் பார்த்துவிடுவாள். அதில் என்ன சொல்லியிருக்கிறதோ அதை அந்த வாரத்துக்குள் எப்படியாவது ஒரு தடவை செய்துவிட வேண்டும். செய்ய முடியாவிட்டால் சாமியாருக்குத் துணையாக இருக்கும் உபதேசியாரிடம் போய், "இந்த வாரம் நீங்க படிங்க ஐயா, எனக்குத் தகுதி இல்லை" என்பாள். உபதேசியாருக்குச் சளித் தொண்டை. அதனால் கோயிலில் எல்லோரும் அவள் எப்படியாவது செய்து முடிக்க வேண்டும் என்று வேண்டிக்கொள்வார்கள்.

ஒரு வாரம், உடன்பிறந்தவன் தவறு செய்தால் மனதில் பகை வைக்காமல் முகத்துக்கு நேரே கண்டித்துச் சொல் என்று வாசகம் வந்தது. வேலையாட்கள், வாடிக்கையாளர்கள் எல்லோரும் நிற்கும்போது என் கடைக்கு வந்தாள்.

"அண்ணே, உங்களைக் கண்டிக்கணும்."

"எதுக்கு?"

"பழைய ட்யூப்பை வெட்டிப் பசங்களை ஒட்டச் சொல்லிட்டுப் புதுசுக்குக் காசு வாங்கறீங்களாம்."

"யார் சொன்னது?"

"யார் சொன்னா என்ன, கண்டிச்சுட்டேன். கடையைப் பாருங்க." போய்விட்டாள். அந்த வதந்தி பொய் என்று நிரூபிக்க எனக்கு ஒரு மாதம் ஆனது.

இன்னொரு சமயம் போர் வாசகம் வந்தது. மலை மேல் மோசே கையைத் தூக்கி நிற்கும்வரை அவர் ஜனங்களுக்கு வெற்றி, கை தளர்ந்துபோக, இரண்டு பேர் இரண்டு பக்கமும் தாங்கிப் பிடித்துக்கொள்கிறார்கள். "இந்த வாரம் யாரைக் குத்தப் போறே?" என்று கேலி செய்தேன். அவள் பேருந்து நிலையத்தில் விளக்கு மாற்ற வந்த மின்சாரக்காரருக்கு ஒரு மதியம் முழுக்க ஏணியைப் பிடித்துக்கொண்டு நின்றாள். அவர் கீழே இறங்கி, "அம்மா, நீங்க எந்த டிபார்ட்மெண்ட்?" என்று கேட்டாராம்.

இப்படிப்பட்டவளிடம்தான் நான் நாற்பதாயிரத்தைக் கொடுத்தேன்.

ஏன் கொடுத்தேன் என்றால், அந்தப் பெட்டிக்கடை வரிசையை எடுத்துவிடப் போவதாகச் சொல்லிவிட்டார்கள். புது ஆண்டு பிறக்கும்போது அங்கே ஒரு கடையும் இருக்காது. எதிர்ப்பக்கம் ஒரு கட்டடத்தில் கீழே ஓர் அறை காலியாக இருந்தது. முன்பணம் நாற்பதாயிரம். கட்டடக்கார அம்மா ஆண்டுக் கடைசிவரை பார்ப்பேன், அதற்குப் பிறகு மருந்துக் கடைக்குக் கொடுத்துவிடுவேன் என்று சொல்லியிருந்தார். அறை கிடைக்காவிட்டால் என் தங்கைக்குத் தொழில் இல்லை. தொழில் இல்லாவிட்டால் என் வீட்டுக்கு வந்து உட்கார வேண்டும். அவள் உட்காருகிற ஆள் இல்லை.

ஷூ தைப்பவர் அவளுக்கு அடுத்த பெட்டிக்கடைக்காரர். நல்ல வேலைக்காரர்தான், அதை நான் மறுக்கவில்லை. மனைவி வழுக்கி விழுந்தபோது ஓடி வந்து அழுதிருக்கிறார். இவள் அறைக்கு வைத்திருந்த பணத்தை அப்படியே எடுத்துக் கொடுத்துவிட்டாள். இரண்டு மாதத்தில் தருகிறேன் என்றார். ஆறு மாதம் ஆயிற்று. மனைவி நடக்க ஆரம்பித்துவிட்டார், பணம் நடக்கவில்லை. கடைசியில் என் தங்கை வருவதைப் பார்த்தால் அவர் தன் கடையின் பலகையை இழுத்து மூடிக்கொண்டு உள்ளே இருட்டில் உட்கார்ந்திருப்பார். இவள் பலகையில் தட்டி, "காத்தாவது வரட்டும், திறங்கண்ணே" என்பாள்.

என்னையும் அண்ணே என்பாள், அவரையும் அண்ணே என்பாள். எனக்குப் பிடிக்காது.

செப்டம்பரில் ஒரு புதன்கிழமை. கடையில் ஒரு லாரிச் சக்கரத்தை நானே முன்னால் நின்று கழற்ற வைத்துக்கொண்டிருந்தேன். தங்கை வந்தாள். முகம் குளித்துவிட்டு வந்ததுபோல் இருந்தது.

"ஷூக்கார அண்ணன்கிட்ட சொல்லிட்டேன்."

"என்னன்னு? எப்பத் தர்றாராம்?"

"தர வேணாம்னு சொல்லிட்டேன்."

ஜாக்கியை இறக்கச் சொல்லிவிட்டு அவளைத் தனியாகக் கம்ப்ரஸர் அறைக்கு அழைத்துப் போனேன். அந்த அறையில் கத்தினால் வெளியே கேட்காது. அதற்காகவே அது எனக்குப் பிடித்த அறை.

"என்ன சொன்னே?"

"வாசகம் அப்படி வந்திருக்குண்ணே. அடுத்தவன் செஞ்ச தப்பை நீ மன்னி, அப்பத்தான் நீ கேக்கறப்ப உன் தப்பு மன்னிக்கப்படும். சக மனுஷன் மேல கோபத்தை வச்சுக்கிட்டு ஆண்டவர்கிட்ட சுகம் கேக்க முடியுமான்னு கேக்குது. எனக்கு அவர்மேல கோபம் இருந்துச்சு. ரொம்ப இருந்துச்சு. பலகையைத் தட்டறப்பல்லாம் உடைச்சுடலாமான்னு தோணும். அதை வச்சுக்கிட்டு எப்படிப் படிக்கறது?"

"கோபத்தை விடு. பணத்தை ஏன் விட்டே?"

"பணம் இருக்கற வரைக்கும் கோபமும் இருக்குது. நான் பிரிச்சுப் பார்த்தேன், பிரியலை."

"அது என் பணம்."

"உங்களுக்கு நான் தரணும். தருவேன். அவர் எனக்குத் தர வேணாம். அவ்வளவுதான்."

"அறை?"

பல்லில் ரன்னர் இல்லாமலே வாயை இறுக்கி மூடிக்கொண்டாள். அப்போதுதான் எனக்குத் தெரிந்தது, அவளும் பயந்து போயிருக்கிறாள் என்று. எனக்குக் கோபம் வரக் காரணமே அதுதான். என் தங்கையைப் பயப்பட வைக்க இந்த ஊரில் ஒருத்தன் இருப்பதா?

மறுநாள் இரண்டு ஆட்களையும் வண்டியையும் எடுத்துக்கொண்டு போனேன். ஷூ தைப்பவரின் தோல் தைக்கும் மிஷினைத் தூக்கி ஏற்றினேன். பழைய இரும்பு மிஷின், யானைக் கனம். அவர் தடுக்கவில்லை. காலில் ஒரு செருப்பும் கையில் ஒரு செருப்புமாக எழுந்து நின்றார்.

"முதலாளி, தங்கச்சி வேணாம்னு சொல்லிருச்சே."

"அவ மன்னிச்சுட்டா. நான் மன்னிக்கலை. நாற்பதாயிரத்தைக் கொடுத்துட்டு மிஷினை எடுத்துக்கோ."

"மிஷின் இல்லாம எப்படி முதலாளி நாப்பதாயிரம் வரும்?"

இந்தக் கேள்வி நியாயமானது என்று அப்போதே எனக்குப் பட்டது. ஆனால் மிஷின் வண்டியில் ஏறிவிட்டது, வரிசையே வேடிக்கை பார்க்கிறது, அந்த நேரத்தில் இறக்கச் சொன்னால் என்னைப் பற்றி என்ன நினைப்பார்கள்? தங்கை தன் கடையிலிருந்து பார்த்துக்கொண்டிருந்தாள். ஒரு பள்ளிப் பையின் வாரை எடுத்து, தைத்த இடத்தையே மறுபடி தைத்தாள்.

மிஷினை என் கடையில் டயர் அடுக்குக்குப் பக்கத்தில் வைத்தேன். வருகிறவன் போகிறவன் எல்லாம், "என்ன பெரியவரே, செருப்புக் கடையும் ஆரம்பிச்சுட்டீங்களா?" என்றான்.

ஞாயிறு வந்தது. நான் பூசைக்குக் கடைசிக் கதவுக்குப் பக்கத்தில் நிற்பவன். உள்ளே இடம் இல்லாமல் அல்ல. அங்கிருந்தால் எல்லோரும் தெரிவார்கள், எல்லோருக்கும் என்னைத் தெரியும். வண்டியை நிறுத்திவிட்டுச் சட்டையைச் சரி செய்துகொண்டிருந்தபோது, சாமியார் உடை மாற்றும் அறையிலிருந்து தங்கை வேகமாக வந்தாள். செருப்பில்லை. கையில் வாசகப் புத்தகம்.

"அண்ணே, தப்பு நடந்துபோச்சு."

"செருப்பை மறந்துட்டே, அதானே?"

"ஆண்டு மாறிப்போச்சு."

கோயில் பழக்கம் இல்லாதவர்களுக்காக ஒன்று சொல்கிறேன். எங்கள் ஞாயிறு வாசகங்கள் மூன்று ஆண்டுக்கு ஒரு சுற்று. ஒரே ஞாயிறுக்கு முதலாம் ஆண்டில் ஒரு வாசகம், இரண்டாம் ஆண்டில் வேறு, மூன்றாம் ஆண்டில் வேறு. என் தங்கையின் வீட்டில் இருக்கும் பழைய புத்தகத்தில் மூன்றும் அடுத்தடுத்த பக்கங்களில் இருக்கும். மழையில் நனைந்து ஒட்டிக்கொண்ட பக்கங்கள். அந்தத் திங்கட்கிழமை அவள் முதலாம் ஆண்டைப் பார்த்திருக்கிறாள். நடந்துகொண்டிருந்ததோ மூன்றாம் ஆண்டு. இருபது வருடத்தில் முதல் தடவை.

எனக்குச் சந்தோஷம் தாங்கவில்லை.

"அப்போ மன்னிச்சது செல்லாது."

"செல்லும்."

"எப்படிச் செல்லும்? தப்பான ஆண்டுல மன்னிச்சிருக்கே. அடுத்த வருஷத்து ரசீதை இந்த வருஷம் கிழிச்சா எவன் ஒத்துக்குவான்?"

"சொன்னது சொன்னதுதாண்ணே. அந்த வாசகம் வர்றப்ப எனக்கு வேலை மிச்சம். இப்போ பிரச்சினை இன்னிக்கு வாசகம். இதை நான் செய்யலை."

"என்ன வாசகம்?"

அவள் புத்தகத்தைத் திறக்கவே இல்லை. "ஜனங்க பொன்னுல கன்னுக்குட்டி செஞ்சு கும்பிட்டுட்டாங்க. ஆண்டவருக்கு ஆத்திரம். என்னைத் தடுக்காதே, இவங்களை ஒழிச்சுக் கட்டறேன்னு நிக்கறார். மோசே முன்னாடி போய் நின்னு கெஞ்சறார்."

"சரி, அதுல நீ யாரு?"

"கெஞ்சற ஆளு."

"ஷூக்காரர்?"

"தப்பு செஞ்ச ஜனம்."

"அப்போ நான்?"

அவள் என்னைப் பார்த்தாள். இத்தனை வருடத்தில் என்னை எத்தனையோ பேர் எத்தனையோ விதமாகப் புகழ்ந்திருக்கிறார்கள். சங்கத்துத் தலைவர் மாலை போட்டிருக்கிறார். ஆனால் இப்படி ஓர் இடத்தில் யாரும் என்னை வைத்ததில்லை.

"கெஞ்சு" என்றேன்.

"அண்ணே, ஊர் என்ன சொல்லும்? மருத்துவமனைக்குப் பணம் கொடுத்துக் காப்பாத்தினதும் அவர்தான், அப்புறம் சோத்துக்கு வழியில்லாம அடிச்சதும் அவர்தான்னு சொல்லாதா? இதைத்தான் மோசே கேக்கறார். நானாச் சொல்லலை."

"அவருக்கு நான் எங்கே கொடுத்தேன்? உனக்குத்தான் கொடுத்தேன்."

"அவர் பொஞ்சாதி தினம் உங்க பேரைச் சொல்லித்தான் செபம் பண்றாங்க. என் பேரை இல்லை. நானேதான் சொன்னேன், இது எங்க அண்ணன் பணம்னு."

இது எனக்குத் தெரியாது.

"இன்னும் இருக்கா?"

"இருக்கு. மோசே அடுத்ததாப் பழசை நினைச்சுப் பாருங்கன்னு சொல்றார். நானும் சொல்றேன். உங்க பம்பு."

"என் பம்புக்கென்ன?"

"அது இரும்புக் கடைக்காரர் கடனாக் கொடுத்தது. மழை மாசத்துல நீங்க தவணை கட்டலை. அவர் வந்து நின்னார், பம்பைப் பார்த்தார், உங்களைப் பார்த்தார், காத்தடிக்கச் சொல்லித் தன் சைக்கிளுக்குக் காத்து வாங்கிட்டுக் காசு கொடுத்துட்டுப் போனார். நான் பக்கத்துல உக்காந்து ட்யூப்பைத் தண்ணியில முக்கிட்டிருந்தேன். எனக்கு ஞாபகம் இருக்கு."

நானாக உழைத்து மேலே வந்தவன் நான். அதில் மாற்றம் இல்லை. பம்பு மட்டும்தான் கடன். அந்தக் கடனையும் பிறகு வட்டியோடு கட்டிவிட்டேன். இதை இங்கே எழுதுவது, படிப்பவர்கள் தவறாக நினைக்கக் கூடாது என்பதற்காக.

உள்ளே பாடல் குழு சுதி பார்த்துக்கொண்டிருந்தது. உபதேசியார் படியில் நின்று, இருமிக்கொண்டே, வருகிறாயா இல்லையா என்று கையால் கேட்டார்.

"கெஞ்சியாச்சு. உன் வாசகம் முடிஞ்சுது. போய்ப் படி" என்றேன்.

அவள் போகவில்லை. "கடைசி வரி இருக்குண்ணே. ஆண்டவர் மனசு மாறி, செய்யறேன்னு சொன்ன தண்டனையைச் செய்யாம விட்டுட்டார்னு முடியுது. அந்த வரியை நான் செய்ய முடியாது. அது உங்களது. நீங்க செய்யலைன்னா நான் மேடையில அதுக்கு முந்தின வரியோட நிறுத்திடுவேன்."

"நிறுத்தினா சாமியார் திட்டுவார்."

"திட்டட்டும்."

செய்வாள். அவளை எனக்குத் தெரியும். கோயில் முழுக்கக் கடவுளின் கோபத்தோடு உட்கார்ந்திருக்கும், அடுத்த வரி வராது. நான் கைபேசியை எடுத்தேன். ஞாயிறு என்பதால் கடையில் மூத்த வேலைக்காரன் மட்டும் இருந்தான்.

"அந்த மிஷினை வண்டியில ஏத்து."

"எந்த மிஷின் முதலாளி?"

"நம்ம கடையில எத்தனை செருப்பு மிஷின் இருக்கு? எண்ணெய் போட்டு ஏத்து. பெல்ட் தேஞ்சிருக்கு, மாத்திடு."

திரும்பிப் பார்த்தபோது அவள் பாதி முற்றத்தைத் தாண்டியிருந்தாள். வெறுங்காலோடு, ஐம்பது வயதில், பள்ளிக்கூடத்துக்குத் தாமதமான பிள்ளையைப்போல.

அன்று அவள் படித்ததை நான் மறக்கவில்லை. அவசரப்படாமல் படித்தாள். கடைசி வரி வந்ததும் புத்தகத்திலிருந்து தலையைத் தூக்கி நேராகக் கடைசிக் கதவைப் பார்த்துக்கொண்டு படித்தாள். கோயிலில் பாதிப் பேர் திரும்பி என்னைப் பார்த்தார்கள். நான் சட்டைப் பட்டனைப் பார்த்துக்கொண்டேன்.

மிஷினை நானே கொண்டுபோய் இறக்கினேன். எடுத்ததைவிட நல்ல நிலையில் கொடுத்தேன், கேட்டுப் பாருங்கள். அதோடு லாரி இருக்கை உறைகள் தைக்கும் வேலையையும் அவருக்கு வாங்கிக் கொடுத்தேன். என் வாடிக்கையாளர்கள் யாரும் என் சொல்லைத் தட்ட மாட்டார்கள். அவர் கை வேகமான கை. இரண்டு மாதத்தில் ஒரு தொகையோடு தங்கையிடம் போனார்.

"மன்னிச்சாச்சு, எனக்கு வேணாம்" என்றாள் அவள்.

என்னிடம் வந்தார். "எனக்கு நீ எதுவும் தர வேண்டியதில்லை. அவகிட்டதான் வாங்கினே, அவகிட்டயே கொடு" என்றேன். மறுபடி அவளிடம் போனார். மறுபடி என்னிடம் வந்தார். மூன்றாம் தடவை அவருக்கே கோபம் வந்துவிட்டது.

"நான் வாங்கறப்ப அண்ணன் தங்கச்சி ரெண்டு பேர் கையும் நீளமா இருந்துச்சு. திருப்பித் தரலாம்னா ஒரு கையும் இல்லை. என் பணம் என்ன கள்ள நோட்டா?"

ஆண்டு முடியப் போகிறது. அறைக்கு முன்பணம் இல்லை. நான் மறுபடி கொடுக்கிறேன் என்றால் தங்கை வாங்க மாட்டாள், பழையதே நிற்கிறது என்பாள். இந்தச் சிக்கலை அவிழ்த்தது யார் என்று கேட்கிறீர்களா? நான்தான். பெட்டிக்கடை போனால் ஷூக்காரருக்கும் இடமில்லை. அறையோ அகலமான அறை. இடது பக்கம் பை, வலது பக்கம் செருப்பு. முன்பணத்தில் பாதி அவர், பாதி இவள். அது கடனைத் திருப்புவது ஆகாது, ஆகையால் யாரும் மறுக்க முடியாது. தங்கை செப்டம்பரிலிருந்தே அறைக்காகக் கண் எரிய எரியப் பை தைத்துச் சேர்த்து வந்தாள், அது அவள் பாதிக்குச் சரியாக வந்தது. எனக்குத் தர வேண்டிய கடனைப் பற்றிக் கேட்கிறீர்களா? அதை நான் இன்றுவரை மன்னிக்கவில்லை. கேட்கவும் இல்லை.

வருடத்தின் கடைசி வாரம் அறையில் கூடினோம். சுண்ணாம்பு வாசம், ஒரு நாற்காலி. அதில் கட்டடக்கார அம்மா. தங்கை தன் பங்கை முதலில் கொடுத்துவிட்டாள். ஷூ தைப்பவர் துணிப் பையைப் பிரித்ததும் அந்த அம்மா கையை நீட்டினார்.

"கொஞ்சம் பொறுங்கம்மா" என்றாள் தங்கை. "அவர் முதல்ல எங்க அண்ணன் கையில எண்ணட்டும். அண்ணன் உங்களுக்குத் தருவார்."

"ஏன், என் கையில எண்ணினா நோட்டு குறையுமா?"

"குறையாது. ஆனா அந்தக் கைதான் அன்னிக்கு வரிசையே பார்க்க மிஷினைத் தூக்கிச்சு. இவர்கிட்டேருந்து அது இன்னும் ஒண்ணும் வாங்கலை."

"இது எந்த வாசகத்துல வருது?" என்று கேட்டேன்.

"வாசகம் இல்லைண்ணே. நானாச் சொல்றேன்."

ஷூ தைப்பவர் நிமிர்ந்து என்னைப் பார்த்தார். பலகையை மூடிக்கொண்டு இருட்டில் உட்கார்ந்த ஆள், அன்று என் கண்ணை நேராகப் பார்த்தார். நான் கையைத் துடைத்துக்கொண்டு விரித்தேன். எவ்வளவு துடைத்தாலும் ரப்பர்க் கறுப்பு போகாத கை அது. அவர் விரல் முழுக்கச் செருப்புப் பசை, ஒவ்வொரு நோட்டும் அவர் விரலை விட்டு வர மனமில்லாமல் வந்தது. அவசரப்படாமல், ஒவ்வொன்றாக, வாய்விட்டு எண்ணி வைத்தார். கடைசி நோட்டை வைத்துவிட்டு என் விரல்களை அவரே மடக்கிவிட்டார்.